செத்துப் பிழைத்த சாமி

1962 மார்ச் 2ஆம் தேதி அக்ரிங்டன் ஸ்டான்லி கிளப், க்ரூ ஊருக்குப் போய் 4-0 என்று தோற்றது. கடன் ஏற்கெனவே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. 60,000 பவுண்டுக்கு மேல், அதுவும் அந்தக் காலத்துப் பவுண்டு. சில நாட்களில் இங்கிலாந்துக் கால்பந்து லீக்கிலிருந்து விலகுவதாக நிர்வாகம் கடிதம் அனுப்பிவிட்டது. அனுப்பிய பிறகு மனசு கேட்கவில்லை. விலகலை வாபஸ் வாங்குகிறோம் என்று இன்னொரு கடிதம் போனது. லீக் செயலர் ஆலன் ஹார்டேக்கர் முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பருவத்தில் ஆடி முடித்திருந்த 33 ஆட்டங்களும் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டன. காலியான இடம் ஆக்ஸ்போர்டு யுனைட்டட் கிளப்புக்குப் போனது. சின்ன லீக்குகளில் நான்கு வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, 1966இல் ஸ்டான்லி மூடப்பட்டது.

என் சாமியின் தலபுராணம் இது. மற்ற புராணங்கள் அவதாரத்தில் தொடங்கும். இது சாவில் தொடங்குகிறது. இதைச் சொல்லாமல் நான் ஸ்டான்லியின் கிரவுன் மைதானத்துக்குள் யாரையும் கூட்டிப் போவதில்லை.

அக்ரிங்டன், வடமேற்கு இங்கிலாந்தில், லங்காஷயர் மலைச்சரிவுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். 35,000 பேர் இருப்பார்கள். ஒரு காலத்தில் பஞ்சாலைகளின் புகை சூழ்ந்த ஊர். நூற்பு இயந்திரங்கள் செய்து தேசம் தேசமாக அனுப்பிய ஊர். நோரி என்ற பெயரில் இங்கே சுட்ட செங்கல் கெட்டிக்குப் பேர்போனது. பிளாக்பூல் கோபுரத்தின் அஸ்திவாரத்தில் அந்தக் கல்தான் இருக்கிறது. ஆலைகள் போய்விட்டன. ஊருக்கென்று மிஞ்சியிருக்கும் பெரும் சொத்து ஸ்டான்லி.

1888இல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் அக்ரிங்டன் என்று ஒன்று இருந்தது. அது வேறு கிளப், 1896இலேயே மறைந்துபோனது. ஸ்டான்லி தெருப் பையன்களின் அணியிலிருந்து வளர்ந்தது நம்முடையது. 1921இல் லீக்குக்குள் வந்து, 41 வருடம் ஆடி, மேலே சொன்ன விதத்தில் உயிரை விட்டது.

பணக்கார ஊராக இருந்திருந்தால் யாராவது ஒருவர் மறுநாளே வாங்கியிருப்பார். இங்கே அப்படி நடக்கவில்லை. 1968இல் போல்ட் தெருவிலிருந்த தொழிலாளர் மன்றத்தில் சிலர் கூடிப் பேசினார்கள். வேலை முடிந்து வந்தவர்கள்தான். அதே பெயரில், அதே சிவப்பில், மறுபடி ஒரு கிளப் தொடங்குவது என்று முடிவாயிற்று. 1970இல் லங்காஷயர் காம்பினேஷன் என்னும் உள்ளூர் லீக்கில் ஸ்டான்லி மறுபடி பந்தை உதைத்தது. அடிமட்டத்துக்கும் அடிமட்டம். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வர வேண்டும். மேலே இருப்பவர்கள் யாரும் கைகொடுக்க மாட்டார்கள்.

நான் வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவன். சொந்த ஊர் சிவகங்கைச் சீமை. எங்கள் குலதெய்வத்துக்குக் கோபுரம் கிடையாது. கண்மாய்க் கரையில் வேப்பமரத்தடியில் ஒரு வேல்கம்பும் இரண்டு கல்லும். விளைந்த வருஷமும் அப்பா பொங்கல் வைக்கப் போவார், மழை பொய்த்த வருஷமும் போவார். "இந்த வருஷம் சாமி ஒண்ணும் குடுக்கலையே, எதுக்குப்பா போறோம்?" என்று சின்ன வயதில் ஒருதரம் கேட்டேன். "நம்ம சாமிடா. நாமதான போகணும்" என்றார். கிரவுன் மைதானத்தின் படிக்கட்டில் நின்று முதல் ஆட்டத்தைப் பார்த்தபோது அப்பாவின் அந்தக் குரல் எனக்குக் கேட்டது.

அது நவம்பர் மாதம். கூட வேலை செய்பவர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். போரில் இறந்தவர்களுக்காக இங்கிலாந்து முழுக்க ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிட மௌனம் காக்கும் வாரம். மற்ற ஊர்களில் அது மரியாதை. அக்ரிங்டனில் அது சொந்தத் துக்கம். 1916 ஜூலை 1ஆம் தேதி, சோம் போரின் முதல் நாள் காலையில், 'அக்ரிங்டன் பால்ஸ்' என்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரத்துப் படையில் சுமார் 700 பேர் பதுங்குகுழியிலிருந்து மேலேறினார்கள். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் 584 பேர் செத்தோ, அடிபட்டோ, காணாமலோ போனார்கள். ஒரே தெருக்காரர்கள், ஒரே ஆலைக்காரர்கள். அந்த மௌனத்தின்போது என் முன்னால் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மைதானத்துக்கு அப்பால் மலை தெரிந்தது. விசில் ஊதியதும் அத்தனை பேரும் ஒரே குரலில் "ஸ்டான்லி!" என்று எழுப்பிய முழக்கம் என் முதுகெலும்பில் இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண் நிறைந்துவிட்டது. யாருடைய ஊர், யாருடைய துக்கம், நான் யார் என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை. வாய் தானாகத் திறந்து அந்தப் பெயரைச் சொல்லிற்று. ஆட்கொள்வது என்கிறோமே, அதை அன்றுதான் உடம்பால் அறிந்தேன்.

நாங்கள் நிற்கும் இடத்துக்குக் கிளேட்டன் முனை என்று பெயர். கோலுக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டு. நாற்காலி கிடையாது. தடுப்புக்காக இடையிடையே இரும்புக் குழாய் நட்டிருக்கிறார்கள். நாங்கள் பிடித்துப் பிடித்தே சில இடங்களில் பெயிண்ட் போய், இரும்பு வழவழவென்று ஆகிவிட்டது. நான் போனதும் முதலில் அதைத்தான் தொடுவேன். ஜனவரியில் அது விரலைக் கடிக்கும். ஆனாலும் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொடுவேன். இரண்டு படி கீழே இளவட்டங்கள் டிரம் அடிப்பார்கள். காற்றில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தின் வாசம் வரும். பக்கத்து வரிசையில் யாரோ ஒருவர் எல்லாருக்கும் மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டுவார். மூன்று மணிக்குச் சிவப்புச் சட்டைகள் புல்லில் இறங்கும்போது உள்ளே ஒன்று எழுந்து நிற்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டத்தைச் சொல்கிறேன். எதிரி யார் என்பதுகூட முக்கியமில்லை. மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு துளியும் தெரிந்தது. 0-0. நேரம் முடிகிற கட்டம். எங்கள் பக்கம் ஒரு கார்னர். பந்தை வைத்தவன் அதைக் கையால் துடைத்தான், மறுபடி வைத்தான், மூன்றடி பின்னால் போனான். பந்து காற்றில் தொங்கிற்று. பத்து தலைகள் எழும்பின. யார் நெற்றி என்று தெரியவில்லை. வலை ஒரு மூலையில் உப்பியது. அதிலிருந்த மழைநீர் எல்லாம் ஒரே உதறலில் எங்கள் முகத்தில் தெறித்தது. தீர்த்தம்! பெயர் தெரியாத ஒருவர் என்னைத் தூக்கிவிட்டார். என் தேநீர் யார் தோளிலோ போயிற்று, அவர் சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிக்கொண்டார். ஐம்பது வயதுக்காரர்கள் அழுதார்கள். நான் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பியிருந்தேன் என்பதைப் பக்கத்திலிருந்தவர் சொல்லித்தான் அறிந்தேன். இந்த ஆனந்தத்தை வேறு எந்தக் கூரையின் கீழும் நான் அனுபவித்ததில்லை.

எங்களோடு ஒரு பாட்டியம்மா நிற்பார். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய பீல் பார்க் மைதானத்தில், அப்பாவின் தோளில் உட்கார்ந்து பழைய ஸ்டான்லியைப் பார்த்தவர். 2016 மே மாதம் 7ஆம் தேதி அவர் பக்கத்தில் நின்றதை என் வாழ்நாள் பாக்கியம் என்பேன்.

அன்று பருவத்தின் கடைசி நாள். ஸ்டீவனேஜ் அணியை வென்றால் நேராக மூன்றாம் பிரிவுக்கு உயர்வு. நாங்கள் முட்டி மோதினோம், கோல் விழவில்லை. 0-0. அப்போதும் பிரிஸ்டல் ரோவர்ஸ் ஜெயிக்காமல் இருந்தால் நமக்கு இடம் உண்டு. எல்லார் காதும் ரேடியோவில். 92ஆம் நிமிடத்தில் அங்கே லீ பிரவுன் கோல் அடித்தார். ரோவர்ஸுக்கும் 85 புள்ளி, நமக்கும் 85 புள்ளி. கோல் வித்தியாசத்தில் அவர்கள் மேலே போனார்கள். அதே ஆண்டு 86 புள்ளியோடு மேலே போன இன்னொரு கிளப் எது தெரியுமா? ஆக்ஸ்போர்டு யுனைட்டட். பிளே-ஆஃப் என்னும் இரண்டாம் வாய்ப்பிலும் விம்பிள்டனிடம் மொத்தக் கணக்கில் 3-2 என்று தோற்றோம்.

ஸ்டீவனேஜ் ஆட்டம் முடிந்தபின் நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டியம்மா என் தோளில் கைவைத்தார். "எழுந்திருப்பா. ஆகஸ்டுல நாம மறுபடி இங்க நிப்போம். எனக்குப் பதினஞ்சு வயசுல ஒரு மார்ச் மாசம் சனிக்கிழமை வந்துச்சு, ஸ்டான்லி வரல. அதுதான் தோல்வி. இது வெறும் ஆட்டம்" என்றார். அவர் அழவில்லை. கையைப் பிடித்து என்னைத் தூக்கிவிட்டு, விளையாடியவர்கள் உள்ளே போகும்வரை கைதட்டிக்கொண்டே நின்றார். அவரைத் தொடர்ந்து எல்லாரும் தட்டினோம். நாயன்மார் கதைகளைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அடியாரை நேரில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. அன்று பார்த்தேன்.

ஜெயித்த கதைகளும் உண்டு, சொல்லாமல் விடமாட்டேன். 1999இல் ஜான் கோல்மன் மேனேஜராக வந்தார், கூடவே ஜிம்மி பெல். 2000இல் ஒரு படி, 2003இல் இன்னொரு படி. 2006 ஏப்ரலில் வோக்கிங் மைதானத்தில் 1-0 என்று வென்றபோது, 44 வருடம் கழித்து ஸ்டான்லி கால்பந்து லீக்குக்குள் மறுபடி நுழைந்தது. அந்தப் பருவத்தில் லீக்கிலிருந்து கீழே இறங்கிய இரண்டு கிளப்புகளில் ஒன்று ஆக்ஸ்போர்டு யுனைட்டட். 1962இல் நம் நாற்காலியில் உட்கார்ந்த அதே ஆக்ஸ்போர்டு. இதை யாராவது கதையாக எழுதினால் நம்புவீர்களா? எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. அவர்களும் ஓர் ஊரின் சாமி. ஆனால் இந்தக் கணக்கை யார் எழுதினாரோ அவர் திசை நோக்கி நான் கும்பிடுகிறேன்.

உள்ளே வந்தவுடன் துன்பம் தீர்ந்துவிடவில்லை. 2009இல் வரித்துறைக்கு 308,000 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. கட்டாவிட்டால் கிளப்பைக் கலைக்க வேண்டும் என்று மனு. ஊர் மறுபடி எழுந்தது. ஸ்டான்லியைக் காப்பாற்றுங்கள் என்று இயக்கம் தொடங்கினார்கள், நிதி திரட்டினார்கள். மீதியை இல்யாஸ் கான் என்பவர் முன்வந்து கட்டி, கிளப்பின் தலைவரும் ஆனார். 2015இல் உள்ளூர்த் தொழிலதிபர் ஆண்டி ஹோல்ட் பொறுப்பேற்றார். பிளாஸ்டிக் பெட்டிகள் செய்பவர். வட்டாரத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்டான்லியின் சிவப்புச் சட்டையை இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் அவர் காலத்தில் வந்தது. பக்கத்தில் மான்செஸ்டரும் லிவர்பூலும் இருக்கின்றன. தொலைக்காட்சியைப் போட்டால் அவர்கள்தான் வருகிறார்கள். இந்த நிலையில் ஏழு வயதுப் பிள்ளையின் நெஞ்சில் ஸ்டான்லியின் முத்திரையைப் பதிப்பதைவிடப் பெரிய திருப்பணி எனக்குத் தெரியவில்லை.

2018 ஏப்ரல் 17. யோவில் அணியோடு நம் மைதானத்தில் ஆட்டம். பில்லி கீ இரண்டு கோல் அடித்தார். 2-0. மறுபிறவி எடுத்தபின் முதல்முறையாக மூன்றாம் பிரிவு! அந்தப் பருவத்தில் 93 புள்ளியோடு நான்காம் பிரிவின் சாம்பியன் நாம்தான். சம்பளத்துக்கு நம்மைவிடப் பல மடங்கு செலவழித்த கிளப்புகள் பின்னால் நின்றன. விசில் ஊதியதும் நாங்கள் புல்லுக்குள் இறங்கிவிட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும் என்று தோன்றியது. குனிந்து ஒரு கை புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பாட்டியம்மா தடுப்புச் சுவருக்கு அப்பால் நின்று, வர முடியாததால் கையை மட்டும் நீட்டினார். ஓடிப்போய் அந்தக் கையில் கொஞ்சம் புல்லை வைத்தேன். அன்று அழுதார்.

பில்லி கீயைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா வழியில் பர்மாக்காரர். மியான்மர் நாட்டுக்கும் ஆடினார். அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் 25 கோல். 2020 ஜனவரியில் ஆட்டத்தைவிட்டு விலகுவதாக அறிவித்தார். மன அழுத்தம், பதற்றம், உணவுக்கோளாறு நோய் மூன்றோடும் வருடக்கணக்காகப் போராடியதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். நாங்கள் அவர் பெயரைக் கத்திக் கொண்டாடிய நாட்களிலும் அந்தப் போராட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. அந்த உண்மையைச் சொன்ன தைரியத்தை அந்த இரண்டு கோலுக்கும் மேலாக நான் வைக்கிறேன்.

மூன்றாம் பிரிவில் ஐந்து பருவம் நின்றோம். சண்டர்லாண்ட் போன்ற பெரிய கிளப்புகள் நம் சின்ன மைதானத்துக்கு வந்தன. 5,000 சொச்சம் பேர்தான் பிடிக்கும் இடத்துக்கு அவர்களுடைய கூட்டம் மலை இறங்கி வந்ததைப் பார்த்துப் பூரித்தேன். 2023இல் கீழே இறங்கினோம். 2024 மார்ச்சில் கோல்மனும் பெல்லும் விடைபெற்றார்கள். எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு வழக்கமான படியில் நின்றேன். வேறு எங்கே போவேன்?

அம்மா ஒரு கோடையில் வந்திருந்தபோது ஆகஸ்டு மாதத்தின் முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். வாலி சாலை நெடுகச் சிவப்புச் சட்டைகள் நடந்து போவதைப் பார்த்து, "என்னடா, மேல்மருவத்தூருக்குப் போற மாதிரி எல்லாரும் செவ்வாடையில போறாங்க" என்றாள். நாம் ஒரு கோல் வாங்கினோம். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று தோற்றோம். திரும்பி நடக்கையில் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபின், "அந்தக் கடைசிப் பையன் பாவம், எவ்வளவு ஓடினான்" என்றாள். இப்போதும் சனிக்கிழமை இரவு போன் பண்ணினால் சாப்பிட்டாயா என்பதற்கு முன்பே, "நம்ம ஆளுங்க என்ன ஆனாங்க?" என்றுதான் கேட்கிறாள்.

1989இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு பால் விளம்பரம் வந்தது. லிவர்பூல் வட்டாரப் பையன்கள் இருவர். பால் குடிக்காவிட்டால் ஸ்டான்லிக்கு ஆடத்தான் லாயக்கு என்று லிவர்பூல் வீரர் இயன் ரஷ் சொன்னதாக ஒருவன் சொல்வான். அது யார் என்று மற்றவன் கேட்பான். நாடே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் படியில் நிறையப் பேர். 2025 ஜனவரி 11ஆம் தேதி எஃப்.ஏ. கோப்பையில் ஸ்டான்லி அதே லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் இறங்கியது. 4-0 என்று தோற்றோம். ஆனால் அந்த மாபெரும் மைதானத்தின் ஒரு மூலை முழுக்கச் சிவப்பும் அக்ரிங்டன் குரலும். பால் விளம்பரத்துப் பையனின் கேள்விக்குப் பதில் அங்கே தொண்ணூறு நிமிடம் நின்று பாடிக்கொண்டிருந்தது. தோற்றுக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் பாட்டு உச்சத்துக்குப் போனது. நான் தொண்டை கட்டி, மூன்று நாள் பேச்சு வராமல் கிடந்தேன். அதை நோய் என்று சொல்ல மாட்டேன்.

கோப்பைகளை எண்ணிக் கிளப்பைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் சந்தோஷம் வேண்டும். ஆனால் உங்கள் குரல் மைதானத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும், நீங்கள் வராத அன்று உங்கள் படியில் ஒரு வெறுமை தெரிய வேண்டும் என்றால் சின்ன ஊர்க் கிளப்புக்குத்தான் போக வேண்டும். 75,000 பேர் நடுவே நின்றும் பார்த்திருக்கிறேன். அங்கே எனக்குச் சாமி தெரியவில்லை, கூட்டம்தான் தெரிந்தது.

இங்கிலாந்துக்கு வரும் நம்மவர்கள் ஓல்ட் டிராஃபோர்டு வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உங்களை மன்றாடிக் கேட்கிறேன், ஒரு சனிக்கிழமையை ஸ்டான்லிக்குக் கொடுங்கள். மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்தில், பர்ன்லி வழியாக பிளாக்பர்ன் போகும் ரயிலில் ஏறி அக்ரிங்டனில் இறங்குங்கள். வாலி சாலையில் வடக்கே நடந்தால் லிவிங்ஸ்டன் சாலை வரும், மைதானம் அங்கேதான். ஆகஸ்டு முதல் மே வரை பருவம். ஆட்டம் பெரும்பாலும் மூன்று மணிக்கு. கிளம்பும் முன் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிளேட்டன் முனைக்கு டிக்கெட் கேளுங்கள். அக்டோபருக்கு மேல் போனால் கெட்டியான கோட்டும் காதை மூடும் தொப்பியும் கட்டாயம்.